கோதண்டம் கேஷுவல் ஆனார்

ஜீன்ஸின் முட்டிக் கிழிசலை நாகவல்லி அழகாகத் தைத்துவைத்துவிட்டாள் என்பது ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கோதண்டத்துக்குத் தெரிந்தது.

“அடிப்பாவி! கிழிசல் இருந்தாத்தான்டி ஸ்டைலு!”

“காசு குடுத்து ஓட்டைய வாங்கினு வந்தீங்களா? பொண்டாட்டி கவனிக்கலன்னு ஊரு என்னையில்ல கேக்கும்?”

வாதாட நேரமில்லை. கோதண்டம் என்றால் கத்தி மடிப்பு பேன்ட், டக் இன் செய்த சட்டை, கச்சிதமாகக் கட்டிய டை, முகம் தெரியும் ஷூ. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு, அவர் மகன் வயதில், அரைக்கால் டிராயரில், கிஷோர் மேனேஜராக வந்து இறங்கிய பிறகு அதெல்லாம் குற்றமாகிவிட்டது. “உடுப்பு விறைப்பா இருந்தா மூளையும் விறைச்சிடும்” என்று மீட்டிங்கில் அவன் தத்துவம் உதிர்த்தபோது எல்லாரும் கோதண்டத்தின் காலரைத்தான் பார்த்தார்கள்.

நேற்று மாலை அவனிடமிருந்து செய்தி: ‘காலைல வந்ததும் என் கேபினுக்கு வாங்க சார். தனியா.’

ஆட்குறைப்பு நடக்கிற மாதத்தில் ‘தனியா’வுக்கு என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போகிற வழியில் ஆவடியில் இறங்கி வாங்கியதுதான் இந்த ஜீன்ஸ்.

பிளேடால் தையலைப் பிரித்தார். பிளேடு வழுக்கியது. முட்டியோடு நிற்க வேண்டிய கிழிசல் தொடை வரை ஏறிவிட்டது.

பட்டாபிராமில் ரயிலேறி, சாப்பாட்டுப் பையால் தொடையை மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

“இன்னா நைனா, பைக்லேர்ந்து வுழுந்துட்டியா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். “மொதல்ல ஊசி போட்டுக்கோ.”

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி துலுக்கானம் கையை நீட்டி மறித்தார். “டெலிவரின்னா பின்பக்கம்.”

“யோவ், நான்தான்யா!” கோதண்டம் அடையாள அட்டையை நீட்டினார்.

துலுக்கானம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “இவுரு பெரிய மனுசன். இவுரு கார்டு உங்கைல எப்புடி வந்துச்சு?”

கோதண்டம் கத்திய கத்தலில் குரல் அடையாளம் தெரிந்துதான் கேட் திறந்தது.

கேபினுக்குள் நுழைந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். கிஷோர் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக நின்றிருந்தான். ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே மரியாதையாக உடுத்தி வந்திருக்கிறான்!

கிஷோரின் பார்வை மேலிருந்து இறங்கித் தொடையில் நின்றது. “என்ன சார் இது... இன்னைக்குன்னு பாத்து?”

“மாறிட்டேன் சார்! பழசெல்லாம் தலைமுழுகிட்டேன். ஃபார்மல்னா என்னன்னே எனக்கு இப்ப மறந்துபோச்சு!”

கிஷோர் கைக்குள் இருந்த எதையோ கோட் பையில் திணித்தான். “அப்ப... சரி. நீங்க போங்க சார்.”

‘போங்க’ என்றால் சீட்டுக்கா, வீட்டுக்கா? கேட்கத் தைரியமில்லை. சீட்டுக்கு வந்து முருகன் படத்தையும் டீ தம்ளரையும் ஷூ பாலிஷ் டப்பாவையும் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அங்கம்மா நிமிர்ந்தாள். “இன்னா சார், மூட்ட கட்டிக்கினு கீறீங்க?”

“வேலை போச்சு, அங்கம்மா.”

“உங்களுக்கா? கிஷோர் சாருக்குத்தான் சார் நேத்தே சீட்டு கிழிஞ்சிடுச்சு. மத்தியானம் வேற கம்பெனில இன்டர்வியூவாம், செல்லுல வீடியோவப் பாத்துக் கட்டிக் கட்டிக் கழுத்து செவந்ததுதான் மிச்சம்னு, டை கட்டிவுடச் சொல்லத்தான் உங்கள வரச் சொன்னாரு!”