மெல்பேணுக்கு எத்தனை நாள்?

மெல்பேணிலிருந்து மகள் ஹன்னா போனில் சொன்னது கொஞ்சம்தான். "பிள்ளைக்கு ஞானஸ்நானம். அப்பாவும் அம்மாவும் கட்டாயம் வரோணும்." கேட்ட நேரத்திலிருந்து ஜெபநேசன் தப்ப ஒரு வழி தேடினார்.

அவருக்கு விமானம் என்றால் பயம். அவர்களுடைய ஊரான அச்சுவேலியில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் என்னாவது? சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்த கதையை, கேட்கிறவர்கள் எழும்பி ஓடும்வரை சொல்லுகிற மனிசன் அவர். ஆனால் பலாலியில் இறங்குகிற விமானம் கூரைக்கு மேலால் போனால், செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துவிடுவார்.

பயம் என்று சொல்ல வெட்கம். பேரப்பிள்ளையைத் தூக்கத் துடிக்கிற மனிசி பியாட்றிஸிடம் போகவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளாகவே வேண்டாம் என்று சொன்னால்?

"பியாட்றிஸ், மெல்பேண் எவ்வளவு தூரம் தெரியுமோ?"

"எனக்கெங்கை தெரியும். சொல்லுங்கோவன்."

"இரண்டு பகல், இரண்டு இராத்திரி பறக்கோணும். கீழை முழுக்கக் கடல்."

"அப்ப சாப்பாடு?"

"பாண் துண்டொண்டு தருவாங்கள்."

"படுக்கை?"

"இருந்த கதிரைதான். காலை நீட்டேலாது. உம்மடை முழங்காலை நினைச்சால்..." அவர் துக்கமாகத் தலையை ஆட்டினார்.

"பறக்காமலே எல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கிறியள். சரி, செபத்திலை வைப்பம்."

ஜெபநேசன் நிம்மதியாக இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டம் அந்த முறை அவர்கள் வீட்டில். போதகர், பக்கத்து வீட்டுச் சிமியோன், அயல் சனம் எல்லாரும் விறாந்தையில் முழங்காலில் நின்றார்கள். ஒருவர் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினால் மற்றவர் குறுக்கே பேசுகிற வழக்கம் இல்லை. பியாட்றிஸ் தொடங்கினாள்.

"ஆண்டவரே, மெல்பேணுக்கு இரண்டு நாள் பயணமெண்டு இவர் சொன்னார். அதை ஹன்னாவின்ரை வாயாலை பத்தரை மணித்தியாலமாக் குறைச்சுத் தந்தீரே, ஸ்தோத்திரம்."

ஜெபநேசனுக்குக் காது சுட்டது.

"பறக்கப் பயப்பிடுற பிள்ளையொண்டு இந்த விறாந்தையிலை நிக்குது. பேர் சொல்லமாட்டன், நீர் அறிவீர். வெக்கத்திலை பொய்யும் சொல்லிப்போட்டுது. அதை மன்னிச்சு, கையிலை பிடிச்சுக் கொண்டுபோய் விமானத்திலை இருத்தும்."

அவர் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். விறாந்தையில் எல்லாருக்கும் ஒரு கண் திறந்திருந்தது. ஆமென் சொன்னால் பறக்கவேண்டும். சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை நான்தான் என்று கையை உயர்த்தின மாதிரி. கூட்டத்திலேயே பெரிய ஆமென் அவருடையதுதான்.

எல்லாரும் போனபிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனிசிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

"என்னோடை தனியக் கதைச்சிருக்கலாம்."

"தனியக் கதைச்சால் நீங்கள் தூரத்தை இன்னும் கூட்டிப்போடுவியளப்பா."

"சரி. வாறமெண்டு ஹன்னாவுக்குச் சொல்லும்."

"நேற்றே சொல்லிப்போட்டன்."

அவர் கழுவி வைத்த கோப்பையொன்றை எடுத்துத் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை ஆரெண்டு ஒருத்தருக்கும் பிடிபட்டிராது, என்ன?"

"ஓமப்பா, ஒருத்தருக்கும் தெரியாது," என்று கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள் பியாட்றிஸ். "நீங்கள் போய் இறங்குமட்டும் உங்களுக்காக உபவாசம் இருக்கிறமெண்டு சொல்லிப்போட்டுத்தான் எல்லாரும் போனவை."