பதினொரு வெள்ளைத் தொப்பிகளும் ஒரு சுவரும்

ஒரு சுவர் எழும்பச் செங்கல்லும் சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும் என்று முன்னோர்கள் நம்பி வந்தார்கள். கட்டுமான மேலாண்மைக் கல்லூரி வந்த பிறகு இந்த அறியாமை அகன்றது. சுவருக்கு முதல் தேவை மேலாளர்.

அந்த வருடம் பள்ளியை முடித்த பிள்ளைகள் மொத்தமும் அந்தப் படிப்பில்தான் போய் விழுந்தார்கள். தச்சர் மகளும் சேர்ந்தாள். நிழலில் நின்று கையை நீட்டிச் சொல்கிற உத்தியோகம், அப்பா மாதிரி மரத்தூள் தின்ன வேண்டியதில்லை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசிப் பருவத்தில் தளப் பயிற்சி. முழு உயரம் எழும்பிய ஒரு சுவரையாவது மேற்பார்வையிட்டதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் போச்சு. தளத்தில் பயிற்சி மேலாளர்கள் பதினொருவர். ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி. கொத்தனார் ஒருவர், மஞ்சள் தொப்பி. சுவரும் ஒன்றுதான்: பத்தடி நீளம், நாலடி உயரம்.

யாருக்கும் அநீதி நேர்ந்துவிடக் கூடாது என்று முதன்மை மேலாளர் கால அட்டவணை போட்டார். காலை ஒன்பது முதல் ஐந்து வரை கொத்தனார் ஆளுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் அவரைக் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி: "வேலை ஏன் தாமதமாகிறது?" பதில் சொல்லும்போது அவர் கொத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும், அது பாதுகாப்பு விதி. சாப்பாட்டு நேரத்தில் அவரை யாரும் மேற்பார்வையிடக் கூடாது. மேற்பார்வை இல்லாமல் அவர் வேலை செய்யவும் கூடாது.

ஆறு வாரத்தில் இரண்டு வரிசை எழும்பியது. அறிக்கையில், மேற்பார்வை நூறு சதவீதம் என்று போட்டிருந்தது.

தச்சர் மகளின் முறை கடைசி, நாலு இருபதுக்கு. அதற்குள் கலவை இறுகிப் பாறையாகியிருக்கும். சான்றிதழுக்கு இன்னும் ஒரு வாரம்தான். திங்கட்கிழமை காலை அவள் கொத்தனாரிடம் போனாள்.

"அண்ணே, நீங்க பாட்டுக்கு பதில் சொல்லிக்கிட்டு இருங்க. கரண்டி சும்மாதானே கெடக்கு?"

அவர் யோசித்துப் பார்த்தார். விதியில் அதற்குத் தடை இல்லை.

அன்று முதல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து படிவங்களுக்குப் பதில் சொன்னார். நடுநடுவே, "தூக்குக் குண்டு போட்டுப் பாரு பாப்பா" என்றார். மூன்றாவது வரிசையைப் பிரித்துக் கட்டச் சொன்னார். கட்டினாள். பக்கத்திலேயே சுவர் வளர்ந்ததை மற்ற பத்துப் பேரும் கவனிக்கவில்லை. படிவத்தில் சுவருக்கென்று கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை முதன்மை மேலாளர் வந்தார். நாலடியையும் அளந்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சிமெண்டு அரித்து வெடித்திருந்தது.

"இதை யாரும்மா கட்டினது?"

"நான்தான் சார்."

"அப்போ மேற்பார்வை?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "அண்ணன்தான் சார்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முழு உயரம் எழும்பிய சுவரை மேற்பார்வையிட்டவர் கொத்தனார். ஆகவே அவர் தேர்ச்சி. அந்தக் கொத்தனாரை மேற்பார்வையிட்டவர்கள் பத்துப் பேர். ஆகவே அவர்களும் தேர்ச்சி. அந்த வாரம் ஒருவரையும் மேற்பார்வையிடாமல் வேலையை மட்டும் செய்தவள் ஒருத்தி. விதிகளுக்கு உட்பட்டு மிகுந்த வருத்தத்துடன் அவளுடைய வெள்ளைத் தொப்பி கழற்றப்பட்டுக் கொத்தனார் தலையில் வைக்கப்பட்டது. மஞ்சள் தொப்பி காலியாக இருந்ததால் அன்றே அவளுக்கு வேலையும் கிடைத்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வேலை கெடச்சிருச்சும்மா."

"தொப்பி என்ன கலர்?"

"மஞ்சள்."

"வெயில்ல நாலு மாசம் போட்டா வெளுத்துரும், விடு" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் முறை பழைய கொத்தனாருடையது. தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தை எடுத்தார். "வேலை ஏம்மா தாமதமாகுது?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு ஆத்திரப்பட்டு நானும் அந்தச் சுவரைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல சுவர். ஆனால் ஐந்தாவது வரிசை இடது பக்கம் லேசாக இறங்கின மாதிரி தெரிந்தது. அவளிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற மேலாளர் ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்து நீட்டினார்.

என் தலைக்கு அளவு சரியாகத்தான் இருந்தது.