வாயுத் தொல்லைக்கு ஒரு ஸ்பிரிங்

ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை, காலைக் காப்பியைக் குடித்து முடித்த கையோடு, இனி என் வாழ்க்கையில் காற்றுக்கு இடமில்லை என்று முடிவு செய்தேன். மூச்சு விடுகிற காற்றைச் சொல்லவில்லை. அதை என் மனைவி டார்லீன் இன்னும் எனக்கு அனுமதித்திருக்கிறாள். நான் சொல்வது என் மலைச் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் அடைத்துவைக்கிற காற்றை.

பாறையிலும் மரவேரிலும் குதித்து இறங்கும்போது முதுகெலும்பைக் காப்பாற்றுவது அந்த ஷாக்தான். ஆள் கனமென்றால் அதிகக் காற்று, லேசென்றால் கொஞ்சம் காற்று. என் ஷாக்கில் கணக்கு இன்னும் சுலபம். உடம்பு எத்தனை பவுண்டோ, பம்ப் மீட்டரின் முள்ளும் ஏறக்குறைய அதே எண்ணில் நிற்கும்வரை அடிக்க வேண்டும். ஆக, சைக்கிள் பம்ப் என்ற பெயரில் எங்கள் வீட்டுக் கராஜில் தொங்கியது ஒரு எடை மெஷின். அதுவும் பொய் சொல்லத் தெரியாதது.

என் வாயுத் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜனவரியில் டாக்டர் என் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். இருநூற்றுப் பத்து பவுண்டிலிருந்து நூற்று எண்பதுக்கு வரவேண்டும் என்றார். எனக்கு எங்கள் ஊர் ஸ்குவாமிஷ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க எடை தூக்குகிறேன், ஆனால் உட்கார்ந்தபடி. டார்லீனுக்குப் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற வேலை. எதிராளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவனைப் பேச முடியாமல் செய்வதில் இருபத்தாறு வருட அனுபவம். அன்று மாலையே வீட்டில் கீரையும் வேகவைத்த பீட்ரூட்டும் ஆட்சிக்கு வந்தன.

முதல் வாரம் இரண்டு பவுண்டு குறைந்தேன். இரண்டாவது வாரம் அந்த இரண்டும் திரும்பி வந்தன, கூட ஒன்றைக் கூட்டிக்கொண்டு. துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே சினமன் பன்னுக்கு மேலே வெண்ணெயைப் பூசுவதில்லை, கவிழ்க்கிறார்கள். பிக்கப் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியில் வாயைத் துடைத்துக்கொள்வேன். ஞாயிறு காலை எடை பார்ப்பதற்கு முன்னால் குளியலறை மெஷினின் அடியில் இருக்கும் திருகை மெதுவாக ஒரு சுற்று. பார்த்து முடித்ததும் எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. இப்படி உழைத்து உழைத்து, ஏப்ரலுக்குள் நூற்று எண்பதைத் தொட்டுவிட்டேன். டார்லீன் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எதிர்வீட்டுக்காரி வந்து பீட்ரூட் செய்முறையை எழுதி வாங்கிப் போனாள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மலைக்குப் போவோம். அதற்கு முன்னால் இரண்டு சைக்கிளுக்கும் காற்றுப் பார்ப்பது டார்லீனின் பொறுப்பு. முந்தின வாரம் அவள் இறக்கிவைத்த காற்றை, ஷாக் அடியில் முட்டுகிறதே என்று நான் ரகசியமாகத் திரும்ப ஏற்றியிருந்தேன். அன்றைக்குப் பம்பைச் செருகி மீட்டரைப் பார்த்தவள் நிமிரவே இல்லை.

"லாயிட், ஆள் முப்பது பவுண்டு இளைச்சிருக்கே. காத்து மட்டும் இருநூத்திப் பத்துலயே நிக்குதே?"

"சீல் தேஞ்சிருக்கும். பழைய ஷாக்தானே."

"சீல் தேஞ்சா காத்து இறங்கணும். இது ஏறியில்ல நிக்குது?"

"குளிர் போயி வெயில் வந்திருக்குல்ல. காத்து விரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். பல்லிடுக்கில் எதையோ கண்டுபிடித்துவிட்டு, நோயாளியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு பம்பை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் காப்பியை முடித்தேன், முடிவுக்கும் வந்தேன்.

காற்று ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் ஷாக் போட்டுவிட்டால் என்ன? பம்ப் இல்லை, மீட்டர் இல்லை, சாட்சி இல்லை. கம்பிச் சுருளுக்கு வாய் ஏது?

அன்று மதியமே வெண்டலின் சைக்கிள் கடைக்குப் போனேன். வெண்டல் என்னோடு படித்தவன், ரகசியம் காப்பவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் கனம் கூட, ஆனால் சின்னச் சின்ன அதிர்வைக்கூட விழுங்கிவிடும், இறக்கத்தில் சக்கரம் தரையை விடாது என்று விளக்கினான். இதையெல்லாம் நான் டார்லீனிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்துகொண்டேன். அப்புறம் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"உன் எடை என்னப்பா?"

"எதுக்கு?"

"காத்துன்னா கூட்டிக் குறைச்சுக்கலாம். ஸ்பிரிங் அப்படி இல்ல. ஆளுக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போடணும். உன் பொண்டாட்டி நூத்தியெண்பதுன்னு ஊரெல்லாம் சொல்லுது. அதுக்கு நானூத்தம்பது நம்பர் போதும். ஆள் கனம்னா நம்பர் கூடும், லேசுன்னா குறையும்."

கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவன் காதில் உண்மையைச் சொன்னேன். அவன் உள்ளே போய் ஐந்நூற்று இருபத்தைந்தை எடுத்து வந்தான். ஸ்பிரிங்கின் மேலேயே எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதன்மேல் ஒரு கரடி ஸ்டிக்கரை ஒட்டினேன்.

ஐயா, அந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் பல்லுடைச்சான் என்றொரு பாதை உண்டு. முக்கால் மைல் ஈரப் பாறை, மீதி தேவதாரு வேர். இருபது வருடமாக அதில் நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வேண்டாத சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு இறங்கியவன். புது ஸ்பிரிங் போட்ட அடுத்த சனிக்கிழமை, சோபாவில் உட்கார்ந்து இறங்குவதுபோல இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக டார்லீனுக்கு முன்னால் அடிவாரம் வந்து சேர்ந்தேன். ஏழு வாரம் நான் ராஜா. காலையில் ஒரு பன் சாப்பிட்டவன் இரண்டாக்கினேன்.

ஜூன் முதல் வாரம் எங்கள் கல்யாண நாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, மலையேறி முடித்து நிற்கும்போது டார்லீன் என் சைக்கிளைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மறுக்க ஒரு காரணம் தேடினேன். தேடி முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஷாக் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

"என்ன இது, சர்ச் பெஞ்சு மாதிரி இருக்கு?"

"நீ லேசு. அப்படித்தான் இருக்கும்."

"நான் நூத்தி நாப்பது, நீ நூத்தியெண்பது. அந்த நாப்பதுக்காக இவ்வளவா?" குனிந்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தாள். கரடியை நகத்தால் சுரண்டினாள். "ஐந்நூத்தி இருபத்தஞ்சு. லாயிட், வெண்டல் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

"இல்ல இல்ல, எனக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்."

"சும்மா இரு கண்ணு. அம்பத்திரண்டு வயசு முதுகு இது. கட்டிக் காப்பாத்த வேண்டியவ நானு. நானே போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

டார்லீன் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் தப்பிக்க வழியில்லை என்று அர்த்தம். அப்பாவி வெண்டல் எனக்காகத் திட்டு வாங்குவதைத் தடுக்க வேண்டுமானால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் என் மனசாட்சியோடு பேசினேன். வெண்டல் திட்டுத் தாங்குவான் என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

கல்யாண நாளன்று பரிசுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நானூற்று ஐம்பது ஸ்பிரிங். அவளே கராஜில் உட்கார்ந்து மாட்டியும் விட்டாள். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் ஓடிப்போய் விசாரித்தேன். அதை யாரோ ஒரு தடியன் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றான் வெண்டல், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கோடையை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு குதிப்பிலும் ஷாக் அடிவரைக்கும் போய் முட்டும். டணார் என்று ஒரு சத்தம். முட்டுவது ஷாக், கேட்பது என் முதுகில். பல்லுடைச்சானில் எனக்கு முன்னால் போகிறவர்கள், கோயில் மணி அடித்ததுபோல மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அடிவாரத்தில் காத்திருக்கும் டார்லீன் ஒவ்வொரு வாரமும் அக்கறையாக விசாரிப்பாள்.

"ஸ்பிரிங் சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு."

"சத்தம் கேட்டுதே?"

"பறவை."

எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும். உண்மையைச் சொல்வது என்ற மூன்றாவது வழியை நான் தீவிரமாகப் பரிசீலித்து நிராகரித்தேன். ஜூன் மாதக் கடைசியில் பேக்கரிப் பக்கம் போகாமல் இருக்க, துறைமுகத்துக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன். ஜூலையில் பிக்கப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் போனேன். பீட்ரூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் தட்டைப் பார்த்து டார்லீனின் கண் லேசாகக் கலங்கியது. நான் பீட்ரூட் ஆவி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் மணியோசை குறைந்தது. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, பல்லுடைச்சானை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு சத்தம் இல்லாமல் இறங்கினேன். துறைமுகத்தில் சரக்கு நிறுக்கிற தராசிலும் ஏறிப் பார்த்திருந்தேன். அதில் திருகு கிடையாது. நூற்று எண்பது. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை.

ஜெயித்தவனுக்கு மன்னிக்கிற மனசு வரும். எனக்கும் வந்தது, என்னை நானே மன்னித்தேன். அடிவாரத்து மரக்கட்டையில் டார்லீன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, பன், கரடி எதையும் விடவில்லை. வசந்த காலத்தில் உன்னை ஏமாற்றினேன், ஆனால் இப்போது நான் சொன்னதெல்லாம் உண்மையாகிவிட்டது, ஆகவே அது பொய்யே இல்லை என்று முடித்தேன்.

அவள் தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

"மார்ச்சில ஒரு ஞாயித்துக்கிழமை திருகைத் திருப்பி வைக்க மறந்துட்ட. உனக்கப்புறம் நான் ஏறினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எடையில நின்னேன்."

"அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அதையும் காப்பாத்த நீ வேற பாடுபடணும். ஸ்பிரிங்கைப் பாத்ததும் வெண்டல்கிட்டப் போனேன். அவன் காதுல நீ சொன்னதை என் காதுல சொன்னான்."

நான் வெண்டலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் விறகு வெட்டப் போனவன், நெஞ்சு நின்னு திரும்பி வரல லாயிட். அவனுக்கு அம்பத்தி மூணு. மேலே ரெண்டு பேரா ஏறிட்டு, கீழே நான் ஒருத்தியா இறங்கவா உன்னைக் கட்டிக்கிட்டேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்ணும் செயின் எண்ணெயும் அப்பிய கை. பிறகு, என்னதான் அவள் திட்டமென்றாலும் இளைத்தது என் உடம்புதானே, கடைசியில் ஜெயித்தவன் நான்தானே என்று நிமிர்ந்தேன். இந்த ஸ்பிரிங் எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது, சாகும்வரை இதை மாற்றப்போவதில்லை என்று அறிவித்தேன்.

டார்லீன் தன் முதுகுப்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, கண்ணு."

உள்ளே இருந்தது நானூறு.