ஒன்பதாம் தேதி இல்லாத காலண்டர்

உலகத்தில் மற்ற எல்லாரையும் விட வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் காலண்டர் அண்ணாச்சிதான். ஜூலை எட்டாம் தேதி படுத்தால் பத்தாம் தேதிதான் எழுந்திருப்பார். நடுவில் ஒரு நாள் இருக்கிறது என்று சூலக்கரை ஆபீஸிலிருந்து கலெக்டரே உத்தரவு போட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சிவகாசியில் அவருக்கு ஓர் அச்சாபீஸ் இருந்தது. ஆடி பிறந்தால் தினசரி காலண்டர், மற்ற நாளில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அச்சுக்கு மட்டுமல்ல, எதைப் பார்த்தாலும் லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார். ஒருமுறை எங்கள் கேன்டீன் தோசையை அப்படிப் பார்த்துவிட்டு, "மஞ்ச தூக்கலா இருக்கு, கருப்பு ஒரு பக்கமாத் தள்ளிருச்சு, வேற போட்டுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார். மாஸ்டர் அன்றைக்கு அதற்கப்புறம் தோசையே ஊற்றவில்லை.

எங்கள் கேன்டீனுக்கு அவர் ஏன் வந்தார் என்று சொல்ல வேண்டும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளைப் பரிசுகளைக் கவனிக்கிற பிரிவில் குமாஸ்தா. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்க வேண்டும். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனதால், சிவகாசி சம்பந்தப்பட்ட எந்தத் தொல்லையும் "நீ ஊர்க்காரன்தானேப்பா" என்று என் தலையில்தான் விழும். அப்படி விழுந்தவர் அண்ணாச்சி.

ஒருமுறை, ஜூலை ஒன்பதில் கல்யாணம் என்று ஒருவர் அவருடைய அச்சாபீஸுக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். "பத்தாம் தேதி வச்சுக்கிடுங்களேன்" என்றார் அண்ணாச்சி.

"அன்னைக்கு முகூர்த்தம் இல்லையே அண்ணாச்சி."

"நீங்க சொல்ற அன்னைக்கு நாளே இல்லையே."

வந்தவர் பக்கத்துத் தெரு அச்சாபீஸுக்குப் போய்விட்டார். இன்னொரு தடவை லாரி புக்கிங்காரர், ஒன்பதாம் தேதி லோடு ஏற்றலாமா என்று போனில் கேட்டிருக்கிறார். "எட்டுல ஏத்துங்க. இல்லைன்னா மறுநாள் பத்துல ஏத்துங்க" என்று வைத்துவிட்டாராம். வியாபாரத்துக்குப் போகிற காலண்டர்களில் ஒன்பது இருக்கும். தன் கையால் அன்பளிப்பாகக் கொடுக்கிற காலண்டர்களில் மட்டும், கம்பிப் பின் அடிப்பதற்கு முன்னால் அவரே உட்கார்ந்து அந்தத் தாளை உருவிவிடுவார்.

காரணம் ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் கேட்டதில்லை. ராஜகனி அவருடைய ஒரே பெண். எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம் முடித்திருந்தாள். ஒரு ஜூலை ஒன்பதாம் தேதி, பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் புது லேபிள் மாதிரியை எடுத்துப் போய்க் கலருக்குச் சம்மதம் வாங்கி வர வேண்டியிருந்தது. சீசன் ஆர்டர், அண்ணாச்சியால் மிஷினை விட்டு நகர முடியவில்லை. மகளை மொபெட்டில் அனுப்பினார். அவள் மேனேஜரைத் தேடிக் கம்பெனிக்குள் போன நேரத்தில் மருந்து கலக்கிற அறை வெடித்தது. மிச்சத்தை நான் எழுத மாட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியதும் இல்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சி எங்கள் பிரிவுக்கு வந்து, எம்.எஸ்ஸி. கணித மாணவர்களுக்கு மகள் பெயரில் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்றார். அல்ஜீப்ராவுக்கா, வேறு பாடத்துக்கா என்று கணிதப் பேராசிரியர் கேட்டார். "அவ எதெதுல பாஸானாளோ அதுக்கெல்லாம்" என்றார். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பட்டமளிப்பு விழாவில், 'செல்வி மா. ராஜகனி நினைவுக் கணிதப் பரிசு' என்று மைக்கில் முழுசாக வாசிக்க வேண்டும்.

"வீட்டுல அவ பேரை எடுத்தா எம் பொண்டாட்டி மயங்கி விழுந்துருதா. அதனால நானும் எடுக்கிறதில்லை. வருசத்துக்கு ஒருவாட்டி வெளியவாவது யாராவது கூப்பிடட்டும் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். விழாவில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது எழுந்து நிற்பார். பின்வரிசையில் "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்று சத்தம் வரும். காதில் வாங்காமல் நிற்பார்.

அவர் தந்த காலண்டர்தான் எங்கள் பிரிவின் சுவரில் தொங்கியது. எங்கள் சூப்பிரண்டு அதைத் தவிர வேறெதையும் நம்பாதவர். வீட்டம்மா வெள்ளிக்கிழமை என்று சொன்னால்கூட ஆபீஸுக்கு வந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். ஒன்பதாம் தேதியை மட்டும் பழைய பியூன் ஞாபகமாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதிச் சொருகிவைப்பார். ஒரு வருஷம் அவர் ரிட்டயராகிப் புதுப் பியூன் வந்திருந்தார். பரிசுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை ஒன்பது என்று சூப்பிரண்டு சுற்றறிக்கை விட்டிருந்தார். பழைய கோப்பைப் பார்த்து எழுதிவிட்டார்; காலண்டரைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தேதி கிடைத்தே இருக்காது.

அன்றைக்கு நான் லீவு. நடந்ததை டைப்பிஸ்ட் அம்மா சொல்லித்தான் தெரியும். புதுப் பியூன் காலையில் எட்டைக் கிழித்தார், பத்து வந்தது. தேதி முத்திரையையும் பத்துக்குத் திருப்பிவைத்தார். மத்தியானம், விருதுநகர் மிளகாய் மண்டிக் குடும்பத்துப் பெண் பாத்திமா விண்ணப்பத்தோடு வந்தாள். அந்த வருஷம் விண்ணப்பித்தது அவள் ஒருத்திதான்.

"நேத்தோட முடிஞ்சு போச்சும்மா" என்றார் சூப்பிரண்டு.

"இன்னைக்குத்தான சார் ஒம்பது?"

"அங்கன பாரு."

கணக்கில் முதலாவதாக வந்த பெண், காலண்டரைப் பார்த்துத் தன் மேலேயே சந்தேகப்பட்டு நின்றாளாம். சூப்பிரண்டு விண்ணப்பத்தை வாங்கித் 'தாமதம்' என்று எழுதி முத்திரை குத்தினார். சாயங்காலம் தப்பு தெரிந்தது. ஆனால் சூப்பிரண்டு, "சீல் விழுந்துருச்சு, இனி அது பத்தாம் தேதிதான்" என்றுவிட்டார். தகுதியானவர் இல்லாததால் இவ்வாண்டு பரிசு இல்லை என்று கோப்பு மேலே போய் ஒப்புதலும் ஆகிவிட்டது. இதை அண்ணாச்சியிடம் சொல்ல ஊர்க்காரனான என்னை அனுப்பினார்கள்.

ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிட வேண்டும் என்பதால் அச்சாபீஸ் கிடுகிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி லென்ஸைப் பையில் போட்டார்.

"அப்ப இந்த வருசம் அவ பேரை வாசிக்க மாட்டாகளா?"

"வாசிக்க மாட்டாக அண்ணாச்சி."

"அந்தப் புள்ள சரியான நாள்லதான வந்திருக்கு?"

"சரியான நாள்லதான் வந்துச்சு. நம்ம காலண்டர்லதான் அந்த நாள் இல்லை."

அவர் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார். ஆடியில் மிஷின் நின்றதைப் பார்த்திராத வேலையாட்கள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் என்னோடு பஸ் ஏறினார்.

பதிவாளர் அறையில் சூப்பிரண்டும் இருந்தார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"ஐயா, ஜூலையில ஒம்பதாம் தேதி உண்டுங்க."

பதிவாளர் பதவிக்குப் புதிது. "எல்லா மாசத்திலும் உண்டே" என்று சிரித்தார்.

"எனக்கு இல்லாம வச்சிருந்தேன். தாளை உருவினது நான். ஆபீஸ் மேல தப்பில்லை, அந்தப் புள்ள மேலயும் தப்பில்லை. அந்த நாளு வந்துச்சுங்க. நல்லாத் தெரியும் எனக்கு. எம் மக ராஜகனிய அன்னைக்கு நான்தான் அனுப்புனேன்."

மகள் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சூப்பிரண்டு தலையைக் குனிந்துகொண்டார். பதிவாளருக்கு விஷயத்தை நான்தான் எடுத்துச் சொன்னேன். பிறகு, இதை எழுத்து மூலமாகத் தர முடியுமா என்று கேட்டார். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர் வேறு என்னதான் கேட்பார்? அண்ணாச்சி எழுதிக் கொடுத்துத் தப்பு வெளியாள் மேல் விழுந்ததும் கோப்பு துள்ளிக்கொண்டு நகர்ந்தது.

அந்த வருஷ விழாவில் பெயரை முழுசாக வாசித்தார்கள். பாத்திமா மேடை ஏறினாள். அண்ணாச்சி எழுந்தார், வழக்கம்போலப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பிரண்டும் எழுந்து நின்றார். அவரே நின்ற பிறகு நான் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

அடுத்த காலண்டர் வந்ததும் எல்லாரும் ஜூலையைத்தான் புரட்டிப் பார்த்தோம். எட்டுக்குப் பிறகு ஒன்பது இருந்தது. அந்த ஒன்பதாம் தேதி சாயங்காலம் அண்ணாச்சியே வந்து நின்றார். "இதை மட்டும் நான் கிழிச்சுக்கிடுறேன்" என்று தாளை எடுத்து மடித்துப் பையில் லென்ஸோடு வைத்துக்கொண்டு போனார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் வந்தார். கேன்டீன் தோசையையும் விடாமல் குறை சொன்னார். அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று ஒருநாளும் சொல்லத் தோன்றவில்லை.

அவர் காலமான பிறகு காலண்டரை அவருடைய தங்கை மகன் அனுப்பினார். அந்த வருஷம் ஜூலை பத்தாம் தேதி, பணம் கட்ட வந்த ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இன்னும் ஒம்பதாம் தேதியே தொங்குது?" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் சூப்பிரண்டு. "அண்ணாச்சி வந்து கிழிச்சுக்கிடுவாக."