கல்லூரிக்குப் பத்திரிகை வைத்த கதை

கல்லூரி நேர்முகத்துக்குச் சான்றிதழ்க் கோப்போடு போகிறவர்கள் உண்டு. நான் வாழைப்பழம், வெற்றிலை பாக்கோடு போனவள். இதை மறைத்துவிடலாம் என்று பார்த்தால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் விடமாட்டார்கள். அவர்கள் கண்ணு மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு கிள்ளானில் வீட்டில் சும்மா இருந்தேன். (அம்மாவின் பாஷையில், "போனைப் பாத்துக்கிட்டு மல்லாந்து கிடந்தேன்".) அந்தப் போனில்தான் வினை ஆரம்பித்தது. எங்கோ அமெரிக்காவில் கோடை விடுமுறையில் பெண்கள் அப்பா அம்மாவோடு காரில் ஊர் ஊராகப் போய்க் கல்லூரி பார்க்கிறார்கள். புல்தரை, மரத்தடி, மடியில் புத்தகம். இலக்கியம், வரலாறு, தத்துவம், கொஞ்சம் வானசாஸ்திரம் எல்லாம் கலந்து படித்துவிட்டு, எது பிடிக்கிறதோ அதைப் பிறகு தேர்ந்தெடுக்கலாமாம். பார்க்கப் பார்க்க எனக்கு ஏக்கம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்குக் கணக்கியல் என்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரி, காலையில் கொமுட்டர் ரயில், மாலையில் அதே ரயில்.

தேடியதில் நம் நாட்டிலும் அந்த மாதிரி படிக்க மூன்று இடம் அகப்பட்டது. ரவாங் தாண்டி ஒன்று, ஈப்போவில் ஒன்று, தைப்பிங் மலையடிவாரத்தில் ஒன்று. மூன்றாவது கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒரு நூலகப் படம் இருந்தது. பெரிய ஜன்னல், வெளியே மழை, உள்ளே ஒரு காலி நாற்காலி. அது எனக்காகத்தான் காலியாக இருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெத்தை ஓரத்தில் கிழிந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா லோரி ஓட்டுநர். காப்பாரிலிருந்து தீபகற்பம் முழுக்கச் சரக்கு ஏற்றிப் போனவர். "இடத்தைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். முடியாது என்று சொல்லவில்லையே, அது போதும் எனக்கு. உடனே எக்செல்லில் உட்கார்ந்தேன். தலைப்பு: 'சம்மர் ரோட் டிரிப்'. (பன்னிரண்டு மாதமும் வேர்த்து ஊற்றும் ஊரில் எதுடி சம்மர் என்று கேட்க ஆள் இல்லை.) காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. ஒன்பதுக்கு முதல் கல்லூரி. ஒரு மணிக்கு இரண்டாவது. நாலு மணிக்கு தைப்பிங், அங்கே நேர்முகம். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், மஞ்சள் நிறம். கழிப்பறைக்கு ஏழு நிமிடம், பச்சை நிறம். இருபது வருடம் அந்த நெடுஞ்சாலையில் ஓடிய மனிதருக்கு எங்கே லேன் மாற வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தேன். இப்போது அந்தக் கோப்பைத் திறந்தால் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

எல்லாம் கச்சிதமாக இருந்தது, அம்மா குழுவில் ஒரு வரி போடும்வரை. "அடுத்த வாரம் நாங்க தைப்பிங் வரைக்கும் போறோம்."

ஐந்தே நிமிடத்தில் மாமா கூப்பிட்டுவிட்டார். அவர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். "அக்கா, போற வழிதானே லா. நம்ம ஆளுங்களுக்கு அப்படியே பத்திரிகை வச்சிருங்க."

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால், தயவுசெய்து வராதீர்கள் என்று அர்த்தம். போனில் படம் எடுத்து அனுப்பினால் பகை. நேரில் போக வேண்டும், தட்டில் பழம், வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு பத்திரிகையை வைத்து, கணவனும் மனைவியுமாக நின்று நீட்ட வேண்டும். மாமா கொடுத்த பட்டியலில் பத்து வீடு இருந்தது.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிஷம்தான் பாப்பா" என்றார் அம்மா.

நானும் நம்பி, வீட்டுக்கு இரண்டு நிமிடம் என்று சிவப்பு நிறத்தில் சேர்த்தேன்.

முதல் வீடு ரவாங் சின்னம்மா வீடு. ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்திரிகை கொடுக்க உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது. அதற்குப் பிறகு சின்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தண்ணிகூட குடிக்காம போனா எப்படி?" என்றார். தண்ணீர் என்றால் மைலோ. மைலோ என்றால் கூடவே தோசை. தோசை வரும்வரை அம்மாவும் சின்னம்மாவும் உள்ளே போய் ஏதோ பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

"பாப்பா என்ன படிக்கப் போவுது?"

"லிபரல் ஆர்ட்ஸ், சின்னம்மா."

"நல்லது, நல்லது. நம்ம வீட்டுச் சுவத்துக்கு ஒரு மயில் வரைஞ்சு குடு."

கிளம்பும்போது மணி ஒன்பதே கால். முதல் கல்லூரியில் ஒன்பதுக்கே சுற்றிக் காட்டக் கிளம்பியிருப்பார்கள், இனி போய் என்ன பிரயோசனம்? அடுத்ததையாவது பிடிப்போம் என்று விட்டுவிட்டோம். தஞ்சோங் மாலிமில் ரோஸ் சிரப். பீடோரில் தேநீரும் வடையும். கம்பாரில் முழுச் சாப்பாடு, "கை நனைக்காம போனா நான் கல்யாணத்துக்கே வர மாட்டேன்" என்ற மிரட்டலோடு. ஈப்போ கல்லூரியை நான் பார்த்தது, அடுத்த வீட்டைத் தேடி அப்பா யூ-டர்ன் அடித்தபோது. பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்தேன். அதில் பாதி என் மூக்கு.

எனக்கு வயிறு எரிந்தது. (வடையும் ஒரு காரணம்.) "இது என் டிரிப்பும்மா!" என்று காரில் கத்தினேன். பேசிப் பேசி அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஏழாவது வீட்டிலிருந்து அழைப்பு வாசகத்தை என் தலையில் கட்டிவிட்டார். அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் நான் தட்டை நீட்டி, "எங்க மாமா மகனுக்குக் கல்யாணம், கண்டிப்பா குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது. யோசிக்காமலே வாய் தானாகச் சொல்லப் பழகிவிட்டது.

பத்தாவது வீடு தைப்பிங்கை எட்டும் முன்பு. அங்கே போனால் கதவு பூட்டு. திரும்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கிய தட்டை என் மடியிலேயே வைத்தார் அம்மா. "பழம் நசுங்காம புடிச்சுக்க."

கல்லூரி வளாகத்துக்குள் கார் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது. அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். "ஓடு பாப்பா!" என்றார் அப்பா. நான் ஓடினேன். பின்னால் அவர்களும் ஓடி வந்தார்கள். மாடிப்படி, நீண்ட தாழ்வாரம், ஒரு கதவு. தட்டினேன். திறந்தது. பாஜு கூரோங் என்கிற மலாய் உடுப்பு அணிந்த ஓர் அம்மையார் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்தான் என்னை நேர்முகம் செய்ய வேண்டிய விரிவுரையாளர், புவான் ரொஹானா. (புவான் என்றால் திருமதி.)

என் இடப்பக்கம் அப்பா வந்து நின்றார். வலப்பக்கம் அம்மா. சிரித்த முகத்தோடு ஒருவர் கதவைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான், என் இரண்டு கையும் தானாக நீண்டன.

"எங்க மாமா மகனுக்குக் கல்யாணம், கண்டிப்பா குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்" என்றேன், சுத்தமான தமிழில்.

கையில் இருந்தது தட்டு. கோப்பு காரில்.

புவான் ரொஹானா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, எங்கள் சின்னம்மாக்கள் வாங்குவதைப் போலவே, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகையில் ஆங்கிலமும் இருந்ததால் நின்ற இடத்திலேயே படித்தார். "வெட்டிங் இன் கிள்ளான்? ஓகே லா, ஐ வில் கம்" என்றார். எனக்கு அந்தத் தரை அப்படியே பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரு நொடிகூடத் தயங்காமல், மலாய்க்காரருக்கு எதற்கு என்று குங்குமச் சிமிழைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, "பூ கொண்டு வரலியே" என்று என்னிடம் குறைப்பட்டார்.

மிச்சமிருந்த நேரத்தில் நேர்முகம் நடந்தது. இங்கே படிக்க ஏன் ஆசை என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கு மூன்று பத்தியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. "இங்க என்னை யாருக்கும் தெரியாது, அதான்" என்று ஆங்கிலத்திலேயே உளறினேன். பத்து வீட்டு எரிச்சல் அது. அப்பா பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

வெளியே வரும்போது நூலகம் பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது, நாற்காலியும் இருந்தது. வாடா என்று அப்பா கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன். இன்றுவரை நான் எதையும் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்ட மாதிரி ஆசைப்பட்டதில்லை.

பையில் மிச்சமிருந்த ஒரு பத்திரிகையைப் பத்தாவது வீட்டில் வைத்து, இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் திரும்பும் வழியில் அப்பா வாயைத் திறந்தார்.

"இடம் நல்ல இடம்தான். ஆனா அங்க நமக்கு யாரு இருக்கா? ராத்திரி ஒரு காய்ச்சல் வந்தா யார் வீட்டுக் கதவைத் தட்டுவே?"

"பத்தாவது வீடு இருக்கேப்பா."

"அது அரை மணி நேரம். அந்த ஊர்ல யாரு இருக்கா?"

சில நாளில் தைப்பிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி விண்ணப்பத்தை அம்மா மேசைமேல் எடுத்து வைத்தார். நான் அதன்மேல் சாதத் தட்டை வைத்துச் சாப்பிட்டுப் பழகினேன்.

கல்யாண நாள் வந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை எனக்கு. நிமிர்ந்து பார்த்தால், பட்டு பாஜு கூரோங்கில், கையில் பரிசுப் பொட்டலத்தோடு புவான் ரொஹானா! கணவரையும் மகளையும் கூட்டி வந்திருந்தார். குடும்பத்தோடு என்று நான் சொன்னதைப் பத்திரிகையிலும் போட்டிருந்தார்களாம். பதற்றத்தில் அவர் முகத்திலேயே பன்னீரைத் தெளித்துவிட்டேன்.

அப்பா ஓடி வந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்து, வாழை இலை போட்டு, தானே பரிமாறினார். பிறகு மலாயில் கேட்டார்: "இவ்வளவு தூரம் வந்தீங்களே?"

"உங்க மகள் வீட்டுக்கே வந்து கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டாளே. வராம இருக்கலாமா?"

அப்பா ரசம் வாளியைக் கீழே வைத்தார். நேராக அம்மாவிடம் போய், நான் கேட்கும்படி சொன்னார்: "அந்த ஊர்ல நமக்கு ஆளு இருக்கு. புள்ள போவட்டும்."

போனேன். அந்த நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாத ஊர் வேண்டும் என்று அடம்பிடித்தவள், மூன்றாம் நாளே மழையைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன். சனிக்கிழமைகளில் பேருந்து பிடித்து அந்தப் பத்து வீடுகளில் ஏதாவது ஒன்றுக்குப் போவேன். ரவாங் சின்னம்மாவும் அம்மாவும் அன்று உள்ளே போய் ஏன் அழுதார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவும் பத்தொன்பது வயதில் தன் ஆட்களையெல்லாம் அந்த வழியில் விட்டுவிட்டுக் கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தவர். அந்த டிரிப் அவருடையதாகவும் இருந்திருக்கிறது. நான் வாசலில் நின்று கடிகாரம் பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் புது ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க பத்திரிகை வச்சாச்சா?" கேட்டுவிட்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன மாதம் கிள்ளான் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. புவான் ரொஹானாவும் கணவரும் இறங்கினார்கள். மகளுக்குக் கல்யாணம். கையில் தட்டு, அதில் பழம், வெற்றிலை, பாக்கு, பத்திரிகை. இரண்டு பேரும் சேர்ந்து நின்று நீட்டினார்கள். "கண்டிப்பா குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்" என்றார் அவர், தடவித் தடவி, தமிழில்.

"தண்ணிகூட குடிக்காம போனா எப்படி?" என்றார் அம்மா.

அவர்கள் போனதும் அப்பா என் பக்கம் திரும்பி, "தைப்பிங் கல்யாணத்துக்கு ஒரு பிளான் போடு பாப்பா" என்றார். போட்டேன். யாரும் கேட்காமலே பத்து வீட்டையும் நானே சேர்த்தேன். அதில் இரண்டு வீடு, இருந்தவர்கள் காலமாகி, இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், சும்மா வாசலில் நிற்க.