இதோ, அந்தத் திருப்பம்தான்

விலங்கியல் படித்தவர்கள் கண்ணில் இதுவரை படாத ஒரு பிராணி உண்டு. நான் அதற்குப் ‘பக்கத்துலதான்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லா நாட்டிலும் கிடைக்கும். ஆனால் ஒரு கோட்டை, ஒரு பழைய பாலம், ஓர் அருவி மூன்றும் கைவசம் உள்ள ஊரில்தான் நன்றாகக் கொழுத்து வளரும். ஸ்பெயினில் இருக்கும் எங்கள் வால்மோராவில் மூன்றும் இருக்கின்றன. அதனால் எங்களுக்கு எவாரிஸ்தோவும் இருக்கிறார்.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன், தப்பி ஓட உதவும். கூட்டுறவு எண்ணெய் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தட்டைத் தொப்பி, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். ஊருக்குப் புதிதாக வந்த நீங்கள் சதுக்கத்தில் நின்று தெரியாத்தனமாக மலைப் பக்கம் பார்த்தால் போதும், எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் உங்கள் தோளருகே நின்றுகொண்டிருப்பார். “கோட்டையைப் பாக்கலையா?” என்பார். “ரொம்ப தூரமோ?” என்று நீங்கள் கேட்பீர்கள். அவ்வளவுதான், விழுந்துவிட்டீர்கள். “தூரமா? இதோ பக்கத்துலதான்.”

தூரத்தை அவர் முழுசாகக் கொடுக்க மாட்டார். துண்டு போட்டுத்தான் கொடுப்பார். பாலம் வரைக்கும் போவது நடையே இல்லை. பாலத்திலிருந்து ஏறுவது ஏற்றமே இல்லை. அப்புறம் கோட்டை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போவதை யாராவது நடப்பது என்று சொல்வார்களா? உங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போய், ஒரு பாறை மேல் நின்று, நீங்கள் வருகிறவரை பரிவோடு காத்திருப்பார். நீங்கள் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்த அதே கணத்தில், “சரி, போலாமா?” என்று கிளம்பிவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கு, நடையெல்லாம் உங்களுக்கு. எங்கே இன்னும் கோட்டையைக் காணோமே என்றால் ஒரே பதில்: “இதோ, அந்தத் திருப்பம்தான்.” எங்கள் மலையில் திருப்பங்களுக்குப் பஞ்சமில்லை.

சரித்திரமும் அவரிடம் உண்டு, மிகச் சுலபமான சரித்திரம். நின்றுகொண்டிருந்தால் ரோமானியர் கட்டியது. விழுந்து கிடந்தால் பிரெஞ்சுக்காரர் இடித்தது. உள்ளே இருட்டாக இருந்தால் ஒரு காலத்தில் இங்கே ஆண்ட மூர்கள் புதையல் வைத்தது. பாறையில் குழி இருந்தால் அது புனித சந்தியாகப்பரின் குதிரைக் குளம்பு. குழிகள் ஐந்தாறு இருந்தால் குதிரை கொஞ்சம் தயங்கி நின்றிருக்கிறது. அருவிக்குக் கூட்டிப்போனார், தண்ணீரைக் காணோம் என்கிறீர்களா? “தண்ணி மார்ச்சுல வரும். இது அருவி விழுற இடம். இடத்தைப் பாருங்க.” பக்கத்து ஊரான கந்தலேராவிலும் ஒரு கோட்டை இருக்கிறதே, கூரையோடு முழுசாக இருக்கிறதே என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். “கூரை இருந்தா அது கோட்டையா? வீடு.”

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். ஹசிந்தாவைக் கேளுங்கள். சதுக்கத்து மூலையில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிறாள். கோடையில் அறைகள் நிரம்பும். தங்கியவர்களை எவாரிஸ்தோ மலைக்கு ஓட்டிப்போவார். பில்பாவோவிலிருந்து வந்த ஒரு தம்பதி ஊருக்குப் போனதும் எல்லோரும் படிக்கிற மாதிரி இணையத்தில் எழுதினார்கள்: “படுக்கை அருமை. இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை.” அப்புறம் விருந்தாளிகள் குறைந்தார்கள். குளிர்காலத்துக்கு ஒருவரும் முன்பதிவு செய்யவில்லை. இப்படியே போனால் விடுதியைப் பூட்டிவிட்டு வயதோலிதில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், அவள் சமையலைச் சாப்பிட்டு, அதை நல்லாயிருக்கு என்று வேறு சொல்ல வேண்டும் என்று ஹசிந்தா புலம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சரகோசாவிலிருந்து ஒரு நடைக் கழகம் எழுதிக் கேட்டது. மாதம் ஒரு முறை, குளிர்காலம் முழுக்க, ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து தங்கலாமா என்று யோசிக்கிறார்களாம். முன்னோட்டம் பார்க்கச் செயலாளர் அசுன் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

ஹசிந்தா, சதுக்கத்தில் நாங்கள் சீட்டாடும் பாருக்கு வந்து எங்களிடம் சொன்னாள். “ரெண்டு மணி வரைக்கும் அந்த ஆளைச் சீட்டாட்டத்துல உக்கார வெச்சிருங்க. அந்தம்மாவுக்கு நானே பாலத்தைக் காட்டி, ஆட்டுக்குட்டி சுட்டுப் போட்டு, நல்லபடியா அனுப்பிடுறேன். கெஞ்சிக் கேக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சீட்டு என்றால் எங்கள் ஊரில் பூசைக்கு அடுத்தது. பாதியில் யாரும் எழ மாட்டார்கள். ஒருமுறை ஒருவருக்கு மகள் பிறந்த செய்தி வந்தபோதும் கையிலிருந்த ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார். ஆகவே நம்பிக்கையோடு எவாரிஸ்தோவை எனக்கு ஜோடியாக உட்கார வைத்தோம். நல்ல சீட்டு வேறு விழுந்தது. செய்த தவறு ஒன்றே ஒன்று. அவரைச் சன்னலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டோம்.

ஹசிந்தா ஆட்டுக்குட்டியைத் திருப்பிப் போட அடுப்படிக்குள் போன நேரம். அசுன் முதுகுப்பையோடு சதுக்கத்தில் நின்று, நெற்றியில் கை வைத்து, மலையைப் பார்த்தாள்.

எவாரிஸ்தோ சீட்டுகளை மேசை மேல் மல்லாக்க வைத்தார். ஜெயிக்கிற சீட்டுகள், ஐயா.

“எங்க போறே?” என்றேன்.

“பாவம், வெளியூர்க்காரங்க. கோட்டை எங்கன்னு தெரியாம நிக்குறாங்க.”

“அது மலை உச்சியில இருக்கு எவாரிஸ்தோ. குருடனுக்குக்கூடத் தெரியும்.”

“வழி தெரிய வேண்டாமா? இதோ வந்துர்றேன்.”

கரண்டியோடு வெளியே வந்த ஹசிந்தா, காலியான சதுக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் சன்னல் வழியே எங்களைப் பார்த்தாள். நாங்கள் நால்வரில் மிச்சமிருந்த மூவரும் சீட்டைக் கவனமாகக் கலைத்துக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஆட்டுக்குட்டி பொன்னிறமாகி, செம்பழுப்பாகி, கடைசியில் தேவாலயத்துக் கதவின் நிறத்துக்கு வந்தது. வெளுத்த சதுக்கத்தில் நிழல் நீண்டு எதிர்ச் சுவரில் ஏறும்போது இருவரும் வந்தார்கள். எவாரிஸ்தோ புறப்பட்ட மாதிரியே இருந்தார். அசுன் புறப்பட்ட மாதிரி இல்லை. காலுறை முழுக்க நெருஞ்சி, ஒரு முழங்காலில் மண், தொப்பியைக் காணோம். கோட்டைக்கும் போய், அதற்கு அப்பால் குதிரைக் குளம்புக்கும் போய், தண்ணீர் இல்லாத அருவியையும் அங்கே நின்று கேட்டிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. ஆம், கேட்டிருக்கிறாள், மார்ச்சில் அது எப்படி இரையும் என்று எவாரிஸ்தோ வாயாலேயே செய்து காட்டினாராம்.

நாங்கள் பாரிலிருந்து வெளியே வந்து நின்றுகொண்டோம். ஹசிந்தா அவளுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வாயைத் திறக்கவே பயந்தாள். கடைசியில், “ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்களா?” என்றாள்.

அசுன் குனிந்தாள். காலணியையும் காலுறையையும் கழற்றினாள். கால் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கைபேசியை எடுத்துக் கழகத் தலைவரைக் கூப்பிட்டாள். ஹசிந்தா கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஆமா, பாத்தாச்சு. கோட்டை, பாலம் எல்லாம்... ஏற்றமா? ஏற்றம்னு சொல்ல முடியாது.”

எவாரிஸ்தோ தலையை ஆட்டினார்.

“இல்ல, வயசானவங்களும் வரலாம்... ரோமானியப் பாலம்தான், பின்னே? நின்னுக்கிட்டிருக்கே... தூரமெல்லாம் இல்லப்பா. இதோ, பக்கத்துலதான்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமே இல்லை. அப்போதுதான் எனக்கு இந்தப் பிராணி எப்படிப் பெருகுகிறது என்று விளங்கியது. ஏறுகிறவரைக்கும் மலை நமக்கு எதிரி. இறங்கிய பிறகு மலை நம்முடையது. நம்முடையதை யாராவது தூரம் என்று சொல்லுவார்களா? அதோடு, தான் மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மற்றவர்கள் சரகோசாவில் சுகமாக உட்கார்ந்திருப்பதா என்கிற நியாயமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். மனித மனம்தானே.

கழகம் வருகிறது. குளிர்காலம் முழுக்க அறைகள் நிரம்பியாகிவிட்டன. வயதோலித் தங்கைக்குச் செய்தி போய்விட்டது, அவளும் அழவில்லையாம். அந்த ஆட்டுக்குட்டியை அசுன் இரண்டு கையாலும் பிய்த்து எலும்பு வரை தின்றாள். ஹசிந்தா எவாரிஸ்தோவுக்கும் ஒரு தட்டு வைத்தாள். “உன்னை என்ன பண்றதுன்னே தெரியல எவாரிஸ்தோ அண்ணே,” என்றாள். “வர்றவங்களுக்கு மாதா சிற்றாலயத்தையும் காட்டணும். சாவி யார் வீட்ல இருக்கு?” என்றார் அவர்.

நேற்று விடுதிக்குத் தொலைபேசி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து விடுதி எவ்வளவு தூரம், பெட்டியோடு நடந்து வர முடியுமா என்று யாரோ கேட்டார்கள். ரயில் நிலையம் கந்தலேராவுக்கும் அப்பால் இருக்கிறது. ஹசிந்தா சன்னல் வழியே அந்தத் திசையை ஒரு தடவை பார்த்தாள். என்ன சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். எனக்கு அவள் கையால் சாப்பிட வேண்டியிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்த உறவுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி, உச்சி வெயிலில் கையில் பழப்பையோடு நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று போனில் கேட்டாரே. மின்விசிறிக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்தபடி அவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?