பிரேக் ஆயில் மாற்றாத வீட்டுக்குப் பெண் கிடையாது

பாரத தேசத்தில் பொதுத்துறை என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து அதில் வேலை பார்த்த அத்தனை பேரிலும், எதையுமே நம்பாத ஒரே மனிதர் எங்கள் மிதி சார்தான். பிரஷர் குக்கரை நம்ப மாட்டார். பஸ் வரும் நேரத்தை நம்ப மாட்டார். கோயில் தீர்த்தத்தைக்கூட உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் விடுவார். ஆனால் இவையெல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். மொத்தச் சந்தேகத்தையும் அவர் ஒரே ஒரு வஸ்துவின் மேல்தான் வைத்திருந்தார். அது பிரேக் ஆயில்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. என் கணவரும் அவரும் ஒரே தொழிற்சாலை. அங்கே மிதி சாருக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உத்தியோகம். அதாவது, மற்றவர்கள் செய்து கொண்டுவரும் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம். இருபது வருஷம் அதையே செய்தால் மனிதன் வீட்டிலும் அப்படித்தானே இருப்பான்? காய்கறி வண்டிக்காரனிடம் ஒரு கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று காரணம் சொல்லுவார்.

அவரிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும். மற்ற ஆறு நாளும் அதற்குப் போர்வை. இந்தக் காருக்கு வருஷம் தவறாமல், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. திறந்து வைத்த டப்பாவில் அப்பளம் நமத்துப்போகிற மாதிரி ஆயிலும் நமத்துப்போகும். பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகும். கால் வைத்தால் பெடல் தரைக்குப் போகும். அப்புறம் நாமும் மேலே போக வேண்டியதுதான். இதை நிரூபிக்க ஒருநாள் மண்ணெண்ணெய் அடுப்பில் பழைய ஆயிலைத் தாளிக்கிற கரண்டியில் விட்டுக் காய்ச்சிக் காட்டினார். அது குப்குப்பென்று சீக்கிரமே கொதித்தது. அவர் மனைவி கோமதியம்மாள் ஆயிலைப் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்தாள். அன்றைக்கு ரசத்துக்குத் தாளிப்பு கிடையாது.

மெயின் ரோட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். "கைக்கு சாப்? கம் ஹுவா தோ டாலோ, பஸ்" என்று சொல்லிவிட்டார். எதற்கு சார், குறைந்தால் ஊற்று, அவ்வளவுதான் என்று அர்த்தம். மிதி சார் அதற்கப்புறம் அந்த ரோட்டிலேயே நடப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவார்.

பெயர்க் காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆயில் மாற்றும் வேலைக்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து, ஸ்பானரால் ஒரு சின்ன நட்டைத் திறந்து, ரப்பர் குழாய் வழியாக அழுக்கு ஆயிலைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். சக்கரத்தடியிலிருந்து மிதி சார் குரல் கொடுப்பார்: "மிதி. பிடி. விடு." ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது தடவை. அதனால் மே மாதம் பிறந்தாலே அவர் கேட்டில் நின்றுகொண்டு கால்களைத் தேடுவார். தபால்காரர் மிதித்திருக்கிறார். கேஸ் சிலிண்டர்காரர் மிதித்திருக்கிறார். மீட்டர் பார்க்க வந்தவர் மிதித்துவிட்டு மீட்டர் பார்க்காமலேயே போயிருக்கிறார். தெருப் பிள்ளைகள் 'தொக்கு அங்கிள்' என்று கூப்பிடும். தெலுங்கில் தொக்கு என்றால் மிதி. எல்லாரையும்விட அதிகமாக அகப்பட்டவள் நான், பக்கத்து வீடாயிற்றே. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் என் அளவுக்குப் பிரேக் மிதித்தவர்கள் யாரும் கிடையாது.

அவருக்கு ஒரே பெண், செண்பகம். இருபத்தேழு வயது. அந்தக் காலத்தில் இந்த வயதை அம்மாக்கள் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஐந்து வரன் வந்து ஐந்தையும் அப்பா தரப்பரிசோதனையில் தள்ளியிருந்தார். ஒரு பையனின் ஸ்கூட்டர் டயர் தேய்ந்திருந்தது. இன்னொரு பையன் ரயில் கிளம்பிய பிறகு ஏறினேன் என்று பெருமையாகச் சொன்னான். இப்படியே போனால் தம் பெண்ணுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திய மாப்பிள்ளைதான் வர வேண்டும் என்று கோமதியம்மாள் என்னிடம் அழுதாள்.

ஆறாவதாகக் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து ஒரு வரன் வந்தது. மிதி சாரைப் போலவே அவர்களும் தென்காசிப் பக்கம். பையன் மத்திய அரசு உத்தியோகம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேயேதான். பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள் செண்பகம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். போட்டோவைப் பார்த்தாளாம், பிடித்திருக்கிறதாம். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. "அக்கா, இதையாவது அப்பா கெடுக்காம நீங்க பாத்துக்கோங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே போய் மிதி சாரின் டூல் பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் பூட்டி வைத்தேன். பட்டு வேட்டியின் இடுப்பில் அந்த மனிதர் ஒரு ஸ்பானரைச் செருகியிருப்பார் என்று எந்தப் பெண்ணுக்காவது தோன்றுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கறுப்புக் காரில் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. அப்பா மீசையும் விபூதியுமாக நல்ல ஆகிருதி. நான் சமையலறையில் பஜ்ஜிக்கு நின்றுவிட்டேன். என் தப்பு அதுதான். வண்டியை நிழலில் விடுகிறேன் என்று மிதி சார் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். வாழைக்காய் பஜ்ஜி நாலு ஈடு எடுத்தாயிற்று, மனிதர் திரும்பவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அந்தக் கறுப்புக் காரின் பின் சக்கரத்தடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே எங்கள் கேஸ் சிலிண்டர்காரர் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருக்கிறார்.

நான் கரண்டியோடு ஓடுவதற்குள் மிதி சார் கூடத்துக்குள் வந்துவிட்டார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைக் காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில் டீப்பாயில் வைத்தார். கும்பகோணம் டிகாக்‌ஷன் தோற்றது, அவ்வளவு கறுப்பு. பையனின் அப்பா, பாலை இனிமேல்தான் ஊற்றுவார்கள் போலிருக்கிறது என்று கையை நீட்டிவிட்டார். நான் பாய்ந்து டம்ளரை எடுத்தேன்.

"அண்ணாச்சி, இது ஒங்க பிரேக் ஆயிலு. எப்ப மாத்தினீக?" என்றார் மிதி சார்.

அதை எதற்கு மாற்ற வேண்டும், குறைந்தால் ஊற்றுவோம், வண்டி வாங்கி எட்டு வருஷமாகிறது, ஒரு குறையும் இல்லை என்றார் குகட்பள்ளிக்காரர்.

"இதை மாத்தாம எம் பொண்ண இந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

குகட்பள்ளிக்காரர் மெதுவாக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏத்த வேண்டாம். வாங்கடே போவோம்" என்றார். உள் அறைக் கதவிடுக்கில் செண்பகத்தின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. எனக்குப் பஜ்ஜி மாவிலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

வாசல்வரை போனவர்களிடம் மிதி சார் பணிவாகத்தான் சொன்னார்: "போக முடியாது அண்ணாச்சி. பின்னால ரெண்டு வீல்லயும் ஆயிலை எறக்கிட்டேன். இப்ப வண்டியில பிரேக்கு கெடையாது."

சரி, இறக்கியதை ஏற்றித் தொலைக்க வேண்டியதுதானே? புது ஆயில் இல்லை. ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாராம். நல்ல காரியம் நடக்கிற நாளாயிற்றே என்று விடியற்காலையில் தம் காருக்கு மாற்றிவிட்டார். பாக்கி அரை டப்பாவைக் கொட்டிவிட்டார், திறந்த டப்பா ஈரம் இழுக்கும் அல்லவா. கார் சாமான் விற்கும் ராணிகஞ்ச் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். கடைசியில் என் கணவருக்குத்தான் யோசனை வந்தது. போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்கு எந்நேரமும் லாரி வரும், அங்கே லாரி சாமான் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மாதிரி மூன்று மணி நேரம் என் எதிரிக்குக்கூட வர வேண்டாம். கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை வீட்டாருக்கு எதை உபசாரம் செய்வது? குகட்பள்ளிக்காரர் வேப்ப மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் பசி பொறுக்காமல் உள்ளே வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே செண்பகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

என் கணவர் ஆயில் டப்பாவோடும், அவ்வளவு தூரம் போனதற்கு ஒரு பை தக்காளியோடும் வந்து சேர்ந்தார். சிலிண்டர்காரர் எப்போதோ போய்விட்டதால் நான் புடவையை ஒதுக்கிக்கொண்டு மிதிக்க உட்கார்ந்தேன். மிதி சார் சக்கரத்தடியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து இரண்டு காருக்கடியில் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேராகப் பிடித்துத் திண்டில் சாய்த்தோம்.

அப்போது செண்பகம் வெளியே வந்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். நேராகப் போய்ச் சக்கரத்தடியில் உட்கார்ந்தாள். பத்து வருஷமாகப் பார்த்த வேலை, அவளுக்கு என்ன கஷ்டம்? பையன் என் பக்கம் வந்து, "நீங்க எறங்குங்கக்கா, நான் மிதிக்கிறேன்" என்றான்.

பெண் பார்க்கும் இடத்தில் பெண் பாட்டுப் பாடிக் கேட்டிருக்கிறேன். இது வேறு. படிப்பெல்லாம் இந்த ஊரிலேயே ஆனதால் அவசரத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வந்தது.

"தொக்கண்டி."

"தொக்கானு."

"பட்டுக்கோண்டி. வதலண்டி."

மிதியுங்கள், மிதித்தேன், பிடியுங்கள், விடுங்கள். அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். ஒவ்வொரு சக்கரமாக முடித்து, கடைசிச் சக்கரத்துக்கு வந்தார்கள். பாட்டிலில் ஆயில் பளிச்சென்று வர ஆரம்பித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். செண்பகம் நிறுத்தவில்லை, தொக்கண்டி, தொக்கண்டி என்று இன்னும் பத்துத் தடவை சொன்னாள். பையனும் அலுக்காமல் மிதித்தான். நான் பாட்டிலைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

முடிந்ததும் குகட்பள்ளிக்காரர் முறைப்பாக வந்து வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை ஒரு தடவை மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். முகம் மாறிப்போயிற்று. "கல்லு மாதிரி நிக்கி. முன்னெல்லாம் தரை வரைக்கும் போவும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகப் பேசினாள். "அப்போ இத்தன வருசமா தரை வரைக்கும் போற பிரேக்குலயா என்னைய வச்சு ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சீக?"

அந்த அம்மாள் விடுவிடுவென்று உள்ளே நடந்து கோமதியம்மாள் கையைப் பிடித்தாள். "பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. என் உசுரப் பத்தி ரோசிக்கிற ஆளு இந்த வீட்டுலதான் இருக்காக. பூ வைங்க" என்றாள். கோமதியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிற்று, பஜ்ஜி எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிச்சயதார்த்தத்தில் நகை பற்றிச் சண்டை வரவில்லை, சீர் பற்றி வரவில்லை. பிரேக் ஆயில் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பதில் வந்தது. மிதி சார் ஒன்று என்றார். சம்பந்தி, வேண்டுமானால் மூன்று என்றார். புரோகிதர் நேரமாகிறது என்று இரண்டாக முடித்து வைத்தார். சீர்ப் பட்டியலின் கடைசி வரியில் அதையும் எழுதி மஞ்சள் தடவினார்கள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கறுப்புக் கார் மிதி சார் வீட்டு வாசலில் நிற்கிறது, அவர் பின் சக்கரத்தடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். ஒப்பந்தம் இரண்டு வருஷமாயிற்றே என்று கேட்டேன். குகட்பள்ளிப் பக்கம் காற்றில் ஈரம் ஜாஸ்தியாம். அந்தப் பக்கத்து வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டுமாம். சம்பந்திக்கு நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை மிதிக்கட்டுமே என்றேன். அவர் சாப்பிடட்டும், நீ உட்கார் என்றார்.

உட்கார்ந்து இரண்டு தடவை மிதித்துவிட்டு எட்டிப் பாட்டிலைப் பார்த்தேன். ஆயில் புது நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர்.

"சார், இது சுத்தமாத்தானே இருக்கு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "பாக்க அப்படித்தான் இருக்கும், தாயி. நீ மிதி."

உள்ளே செண்பகம் அம்மாவோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்த திக்கில் அவர் காதைக் கொடுத்துக்கொண்டு நட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு நான் நிதானமாகத்தான் மிதித்தேன்.